நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வெயில்

லோடு ஆட்டோ நின்றதும் குபேந்திரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துப் படத்தை இறக்கினோம். சணல் கயிற்றை அவிழ்த்து, மேலே சுற்றியிருந்த நீலத் தார்ப்பாயை உருவினோம். இரண்டு வாரமாக மதுரைப் பக்கம் தலை காட்டாத சூரியன், அன்று காலை ஏழு மணிக்கு ஆனையூர் வீட்டுமனைகளின் மேல், பத்திரிகை வைத்து அழைத்த விருந்தாளி மாதிரி ஜம்மென்று வந்து உட்கார்ந்திருந்தது.

படத்தைப் பார்த்தேன். எனக்கு விக்கல் வந்தது.

நான் வரைந்த படத்தில் முந்தின நாள் மாலை வரை நல்ல கறுப்பாக இருந்த வீராயி அம்மா, அன்று காலை பப்பாளிப் பழ நிறத்தில் இருந்தார். காய் இல்லை, நன்றாகப் பழுத்தது.

குபேந்திரன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மாப்ள, வேற யாரு படத்தையாச்சும் மாத்தித் தூக்கிட்டு வந்துட்டமா?" என்றான்.

மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வியர்க்கும், வயிறு கலக்கும். எனக்கு விக்கல் வரும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் வந்தது. கல்யாணத்தன்று மூன்று முடிச்சுக்கு மூன்று விக்கல் எடுத்தவன் நான். "யாரோ நெனைக்கிறாக" என்றார் ஓர் அத்தை. மணப்பெண் செல்வி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசலுக்குப் போன சேலை

செல்வியின் பேச்சு வந்துவிட்டதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். வீராயி அம்மா அதுவரை வெயிலிலேயே நிற்கட்டும்.

எங்கள் ஊரில் பெண்கள் சேலை எடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைக்குள் முப்பது குழல் விளக்கு எரியும். மூன்று மணி நேரம் அலசி ஒரு சேலையைப் பிடித்திருப்பார்கள். அதோடு முடியாது. அந்தச் சேலையை ஏந்திக்கொண்டு நேராகத் தெருவுக்கு நடப்பார்கள். பின்னாலேயே விற்பனையாளர், அவர் பின்னால் முதலாளியின் கண். ரோட்டில் நின்று, முந்தானையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "உள்ள மாம்பழம்னு சொன்னீங்க, இங்க மஞ்சக் கெழங்கால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போவார்கள்.

இதைக் கேலி செய்தே நான் பாதி ஆயுளைக் கழித்தவன். "சேலையக் கட்டப் போறியா, வடகம் காயப் போடப் போறியா?" என்று செல்வியைக் கேட்டிருக்கிறேன். இத்தனைக்கும் நான் படம் வரைந்து பிழைப்பவன். நிறம்தான் என் தொழில்.

இடது மேல் மூலைச் சூரியன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு லாட்ஜின் பின்கட்டில் எங்கள் கடை. நான் உருவம், குபேந்திரன் எழுத்து. அவன் சௌராஷ்டிரக்காரன். அவன் அண்ணன்மார்களுக்குச் சாயப்பட்டறை. வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை பேசுவான். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பாஷையில் முணுமுணுப்பான். என்ன அர்த்தம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாப்ள, சாமி கும்புட்டேன்" என்பான்.

தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். முருகேசன் என்பவர் கடைக்கு வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை. அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாமல், அடுத்தவர் கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலிக்குப் போய் அவரைப் படிக்க வைத்தவர் தாயார் வீராயி அம்மா. மகன் ஆனையூரில் வீடு கட்ட ஆரம்பித்தபோது இருந்தார். தளம் போடும்போது இல்லை.

முருகேசன் இரண்டு படங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டு வெவ்வேறு ஆர்ட்டிஸ்ட்டுகளிடம் வரைந்து வாங்கியவை. ஒன்றில் ரோஜாக் கன்னத்தோடு ஓர் அம்மாள். இன்னொன்றில் அதே அம்மாள், கேட்காமலே போட்டுவிட்ட வைர மூக்குத்தியோடு.

"நல்லாத்தான இருக்கு" என்றேன்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்ல. நகைக்கடைக்காரரு சம்சாரம்." அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மா கருப்புண்ணே. நல்ல கருப்பு. கருப்பா வரையுங்கன்னு ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன். சரி சரின்னுட்டு வெளுத்து விட்டுட்டாங்க. கேட்டா, மரியாதைக்காகச் செஞ்சோம்ங்குறாங்க. நீங்களாவது அம்மாவ அம்மாவா வரைஞ்சு குடுங்க. பால் காய்ச்சுற அன்னைக்கு, சாமி படத்துக்கும் முன்னாடி அவதான் வீட்டுக்குள்ள போகணும்."

நான் நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டேன். உடனே ஒரு விக்கல் வந்தது. ஏனென்றால் அந்த இரண்டு பேர் செய்ததைத்தான் நானும் காலமெல்லாம் செய்துவந்திருந்தேன். எங்கள் கடையில் சூரியன் எப்போதும் படத்தின் இடது மேல் மூலையில்தான் உதிக்கும். யாராக இருந்தாலும் இடது கன்னத்தில் வெள்ளையும் மஞ்சளும், வலது கன்னத்தில் காவி நிழல். எம்.எல்.ஏ.வுக்கும் அதே வெளிச்சம், காதுகுத்துக் குழந்தைக்கும் அதே வெளிச்சம். கறுப்பு முகம் வந்தால் இரண்டு பிடி மாவு கூடப் போட்டதுபோல் வெளுப்பாக்கி அனுப்புவோம். யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. வந்த முதல் ஆள் முருகேசன்தான், அதுவும் அடுத்தவர் படத்தோடு.

அவர் கொடுத்த போட்டோ ஒன்றே ஒன்று. ஏதோ அடையாள அட்டைக்காக நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்தது. மூக்கு மட்டும் பளபளக்க, மீதி முகம் சப்பட்டை. கண்ணில் ஒரு திடுக்கிடல். அதில் வெளிச்சம் என்று எதுவுமே இல்லை, அடித்த அடிதான் இருந்தது.

"அம்மாவ எப்பப் பாத்தது உங்களுக்கு ரொம்ப ஞாபகம்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நான் ஸ்கூல் விட்டு வருவேன். அவ கரும்புத் தோட்டத்துலருந்து வரப்பு மேல வருவா. மேக்க இருந்து வெயிலு மூஞ்சியில அடிக்கும். கண்ணச் சுருக்கிக்கிட்டு, நான் வாரேனான்னு பாப்பா."

அந்த ஐந்து மணி வெயிலை வரைந்து தருவதாகச் சொல்லிவிட்டேன். வாய்க்கு என்ன, அது சொல்லிவிடும்.

மழை வந்தது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஒழுகியது. நாலடி உயரப் பலகையை வைத்துத் தள்ளி நின்று பார்க்க உள்ளே இடமும் இல்லை. லாட்ஜின் பின்முற்றத்தில் புத்தம் புதிய நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினோம். அதன் கீழே பத்து நாள் வரைந்தேன்.

நடந்தது இதுதான். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வரும் வெளிச்சம் முழுக்க நீலம். முதல் ஐந்து நிமிஷம் எல்லாம் நீலமாகத் தெரியும். பிறகு கண் பழகிவிடும். பழகிய கண் ஒன்றும் சொல்லாது. நான் குழைத்த பழுப்பெல்லாம் அங்கே செத்த நிறமாகத் தெரிந்தது. உயிர் வரட்டும் என்று கொஞ்சம் ஆரஞ்சு சேர்த்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் மஞ்சள். மாலை வெயில் அல்லவா, இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு. எவ்வளவு போட்டாலும் அந்த நீல வெளிச்சம் ஆரஞ்சைக் கறுப்பாக்கியே காட்டியது. பத்தாம் நாள் வீராயி அம்மா அருமையான கறுப்பில், கன்னத்தில் வெயில் தகதகக்க, என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் வாழ்க்கையிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைத்து, எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பொழுது மங்கிய பிறகு அதே தார்ப்பாயை இறக்கினோம். ஈரம் ஒட்டாமல் நாலு மூலையிலும் கட்டை கொடுத்து, அதிலேயே படத்தைச் சுற்றி வைத்தோம். அதற்கு முன்னால் ஒருமுறை வெளியே எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. செல்வி ஆயிரம் ரூபாய்ச் சேலைக்குச் செய்ததை, நான் ஒரு தாய்க்குச் செய்யவில்லை.

ஐப்பசியை நம்பக்கூடாது

ஆக, ஆனையூர். காலை ஏழு மணி. பப்பாளி. விக்கல்.

நல்ல நேரம் ஒன்பது வரை. முருகேசன் உள்ளே வாழைமரம் கட்டுபவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வர இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். நாலடிப் பலகையோடு எவ்வளவு தூரம் ஓடுவது? ஆட்டோக்காரர் வேறு போய்விட்டார். அப்போதுதான் என் மூளை, ஆபத்து நேரத்தில் மட்டும் வேலை செய்கிற அந்தக் கேடுகெட்ட மூளை, ஒரு யோசனை சொன்னது. படத்தை மாற்ற நேரமில்லை. வெயிலை மாற்றிவிடலாமே.

"குபேந்திரா, தார்ப்பாயக் கட்டு."

"எங்க?"

"படத்துக்கு மேல. சன்ஷேடுலருந்து அந்தக் கம்பி வரைக்கும்."

குபேந்திரன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு வீட்டுப் பாஷையில் நீளமாகச் சாமி கும்பிட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தான்.

தார்ப்பாய் ஏறியது. நீல வெளிச்சம் விழுந்தது. வீராயி அம்மா கறுத்தார்.

முருகேசன் வந்தார். முதலில் அண்ணாந்து பார்த்தார். "எதுக்குண்ணே இது?"

"பெயிண்ட் ஈரம். மழ கிழ வந்தா…"

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையேண்ணே."

"ஐப்பசிய நம்பக்கூடாது முருகேசு." விக்.

பிறகு அவர் படத்தைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் சட்டைக் காலரைச் சரி செய்தது, ஸ்கூல் விட்டு வந்த பையனின் சட்டையை யாரோ பார்க்கிறார்கள் என்பது போல. "இப்பத்தாண்ணே எங்கம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

பப்பாளியைப் பார்த்து வந்த பயம் ஒன்றுமே இல்லை. அந்தக் குரலைக் கேட்டபோது வந்ததுதான் பயம். காற்று வேறு அடிக்க ஆரம்பித்தது. தார்ப்பாய் ஒரு மூலையில் எழும்ப, ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்து, கறுத்த தாடையில் ஒரு துண்டு பப்பாளி மின்னி மறைந்தது. நான் நகர்ந்து நின்று முதுகால் மறைத்தேன். அடுத்த மூலை எழும்பியது. அந்தப் பக்கம் நகர்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் படத்தைச் சுற்றிக் கும்மி அடிப்பது போல இருந்திருக்கும்.

ஒன்பது மணி வரை இப்படியே ஓட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டால், பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அலங்காநல்லூர் பஸ் வரும் வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பஸ்ஸிலிருந்து பதினைந்து பேர் சீர்வரிசைத் தட்டுகளோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் பேச்சியம்மாள். வீராயி அம்மாவின் தங்கை. தட்டை இறக்கி வைத்துவிட்டு நேரே படத்திடம் வந்தார். பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். தார்ப்பாயை நிமிர்ந்து பார்த்தார்.

"நெழல்ல என்னத்தத் தெரியும்? வெளிய கொண்டாங்கப்பா, வெளிச்சத்துல பாப்போம்."

சேலைக் கடையில் செல்வி சொல்லும் அதே வார்த்தை, அதே தொனி. இரண்டு பேர் வந்து படத்தைத் தூக்கினார்கள். நான் "ஈரம், ஈரம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். யாரும் கேட்கவில்லை.

நீங்களுமாண்ணே

வெயிலில் வைத்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரு இது, மருமக வீட்டுப் பக்கமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பேச்சியம்மாள் என்னிடம் திரும்பினார். "எங்கக்கா காமாலை வந்து சாகலையே தம்பி."

முருகேசன் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு மெதுவாக, "நீங்களுமாண்ணே?" என்றார்.

கையில் ஒரு பொய் தயாராக இருந்தது. 'காயக் காயக் கறுத்துவிடும்' என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. சொல்ல வாயைத் திறந்தேன். பொய்க்குப் பதிலாக விக்கல்தான் வந்தது. அடுத்ததும் விக்கல்தான். மூன்றாவது முறை திறந்தபோது உண்மை வந்துவிட்டது. மழை, தார்ப்பாய், நீல வெளிச்சம், ஆரஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். வெளுக்க வேண்டும் என்று செய்யவில்லை, என் கண்ணை நம்பிச் செய்தேன் என்றேன்.

குபேந்திரனும் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க வீடு சாயப்பட்டறை வீடுங்க. சாயம் போட்ட நூல வாசலுக்குக் கொண்டுவந்து பாக்காம எங்கண்ணன் ஒரு கழி நூலுகூடக் குடுக்க மாட்டாரு. எனக்கே தோணல. அசிங்கமா இருக்கு."

பேச்சியம்மாள் அசரவில்லை. "அங்க மழைக்குக் கட்டுனீங்க, சரி. இங்க கட்டுனது மழைக்கா, எங்க கண்ணுக்கா?"

விக் என்றேன்.

"பெயிண்டு இருக்கா?" என்றார்.

"இருக்கு. கடைசி நேரத் திருத்தத்துக்குன்னு ஒரு பெட்டி கொண்டாந்தோம்."

மணி ஏழே முக்கால். பேச்சியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, வெயிலில் படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். "எங்கக்காளும் நானும் ஒரே கலரு. இதப் பாத்துப் போடு. அழகுக்குன்னு ஒரு பொட்டு சேத்த, கையத் தட்டிவிட்ருவேன்."

ஒரு கையின் வெயில்

பதினைந்து வருஷமாக முகம் வரைந்தவன், வெயிலில் இருக்கும் ஒரு கையை முழுசாக ஐந்து நிமிஷம் பார்த்தது அன்றைக்குத்தான்.

கறுப்புத் தோலில் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலப்போம். சாம்பல் பூத்த மாதிரி வரும். அதனால்தான் மஞ்சளைக் கொட்டி வெளுப்பாக்கித் தப்பிப்போம். அந்தக் கையில் வெள்ளையே இல்லை. வெயில் விழுந்த மேல்பக்கத்தில் வானம் இருந்தது. உண்மையிலேயே வானம், கிணற்றுத் தண்ணீரில் தெரிவது போல ஒரு மெல்லிய நீலம். மணிக்கட்டு வளையும் இடத்தில் கத்தரிக்காய் நிறம். கீழ்ப்பக்கத்தில், வாசலில் புதிதாகக் கொட்டிய செம்மண்ணின் சிவப்பு ஏறியிருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், கட்டிவைத்த வாழைமரத்திலிருந்து.

அந்தக் கை, பக்கத்தில் இருந்த அத்தனை நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தது. நான் இத்தனை நாள் அதற்குக் கறுப்பு என்று ஒரே பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஈரமாக இருந்த ஆரஞ்சைத் துணியால் துடைத்தேன். குபேந்திரன் குழைத்துக் குழைத்துக் கொடுத்தான். ஒவ்வொரு கலவையையும் முதலில் பேச்சியம்மாளின் கைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான், பட்டறையில் நூலைக் காட்டுவது போல.

"இது செத்த கலரு" என்பார் பேச்சியம்மாள். "இது கொஞ்சம் பரவால்ல." "இது எங்கக்கா."

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். முருகேசன் கடிகாரத்தைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். "எட்டரை ஆச்சுப்பா" என்று யாரோ உள்ளிருந்து சொன்னார்கள். கன்ன எலும்பின் மேல் அந்த நீலத்தை வைக்கப் போகும்போது எனக்குப் பெரிய விக்கல் ஒன்று வந்து, பிரஷ் குதித்து, கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. இதையே யாராவது கதையாக எழுதினால், அந்த அம்மாவுக்கு அதே இடத்தில் கரும்புத் தோகை கிழித்த தழும்பு இருந்ததாக எழுதி எல்லோரையும் அழவைத்துவிடுவார்கள். நானும் ஆசையோடு பேச்சியம்மாளைப் பார்த்தேன்.

"அழி" என்றார். "அவளுக்கு அங்க ஒண்ணும் கெடையாது."

அழித்தேன். திரும்ப வைத்தேன். நீலம் கன்னத்தில் உட்கார்ந்தது. அதன் ஓரத்தில் மேற்கு வெயில் ஒரு நூல் கனத்துக்கு மட்டும். முருகேசன் சொன்ன ஐந்து மணி அவ்வளவுதான் கேட்டது. பத்து நாள் நான் அதற்கு வாளி வாளியாகக் கொட்டியிருந்தேன்.

உள்ளே

ஒன்பதாக ஐந்து நிமிஷம். ஈரம் படாமல் ஓரத்தைப் பிடித்து முருகேசனும் குபேந்திரனும் படத்தைத் தூக்கினார்கள். சாமி படங்கள் வழிவிட்டு நிற்க, வீராயி அம்மா முதல் ஆளாக மகனின் வீட்டுக்குள் போனார்.

கூடத்தில் குழல் விளக்கு எரிந்தது. வெளிர்நீலச் சுவர். வெயிலில் அத்தனை நிறத்தோடு இருந்த முகம், வாசற்படி தாண்டியதும் மங்கிச் சாம்பல் பூத்தது.

கன்னம் செத்துவிட்டது, நீலம் செத்துவிட்டது. முருகேசன் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கேள்வி உதட்டுக்கு வந்துவிட்டது. இனி கட்டுவதற்குக்கூட என்னிடம் தார்ப்பாய் இல்லை.

பின்னாலேயே பேச்சியம்மாள் உள்ளே வந்தார். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெயிலில் நீட்டிய அதே கையை அக்காவின் கன்னத்துக்கு நேராகப் பிடித்தார். கையும் மங்கித்தான் இருந்தது. அதே சாம்பல். எது கை, எது கன்னம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உள்ள வந்தா நானுந்தான் இப்படி இருக்கேன்" என்றார். "அவ மட்டும் எப்படி இருப்பா?"

முருகேசன் கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, சட்டைக் காலரை எடுத்துச் சரி செய்துகொண்டார்.

உள்ளே பால் பொங்கியது. குலவை கேட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தார்ப்பாயைத் தேடினேன். பேச்சியம்மாள் அதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். அலங்காநல்லூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"இத நான் கொண்டுபோறேன் தம்பி. வைக்கோலு நனையுது. ஓங்கிட்ட இருந்தா திரும்பவும் எங்கயாச்சும் கட்டுவ."

"சரிங்கம்மா" என்றேன். விக்.